படுக்கையில் புரண்டால் உலகம் சுற்றுகிறதா?

(நம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர்களுக்காக ஆற்றிய உரை. கேட்ட சிலர் எழுத்தில் வேண்டும் என்று சொன்னதால், மற்ற ஊர் அங்கத்தினர்களுக்கும் பயன்படட்டும் என்று அனுப்பியிருக்கிறேன்.)



சென்ற மாதம் முழங்கால் வலியைப் பற்றி ஒரு டாக்டர் மிக அழகாகப் பேசினார். நான் டாக்டர் இல்லை. திருச்சியில் பௌதிகம் எடுத்து பி.எஸ்ஸி. தேறி, பிறகு 35 வருஷம் மத்திய அரசின் ஃபைல்களோடு குடித்தனம் நடத்தியவன். வைத்தியம் சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஆனால் நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் வியாதி விசித்திரமானது. அது வருவதும் பௌதிகம், போவதும் பௌதிகம். ஆகவே கொஞ்சம் துணிச்சலாகப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

தலைசுற்றலைச் சொல்கிறேன். எல்லாத் தலைசுற்றலையும் அல்ல, ஒரே ஒரு ரகத்தை மட்டும். அதன் அடையாளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். படுக்கையில் இடப்பக்கமோ வலப்பக்கமோ புரளும்போது அறையே பம்பரம் மாதிரி சுற்றும். படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் வரும். பரணிலிருந்து பாத்திரம் எடுக்க அண்ணாந்து பார்த்தால் வரும். நமஸ்காரம் பண்ணக் குனிந்தால் வரும். பல் டாக்டரின் நாற்காலியைச் சாய்த்தால் வரும். வந்தால் எத்தனை நேரம் இருக்கும்? அனுபவிப்பவர்கள் "ரொம்ப நேரம் சுற்றிற்று" என்பார்கள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தலையை அசைக்காமல் வைத்திருந்தால் அடங்கிவிடும். காது கேட்பதில் குறை இருக்காது. மறுபடி அதே பக்கம் புரண்டால் மறுபடி வரும்.

நம் அகங்களில் இதற்கு என்றைக்கும் ஒரே பெயர்தான்: பித்தம். எலுமிச்சம்பழ ஜலம், சுக்குக் கஷாயம், நெல்லிக்காய்த் துவையல் என்று ஆரம்பிப்போம். ஒரு வாரம் கழித்தும் நிற்காவிட்டால் பி.பி.யைப் பார்ப்போம். அதற்குப் பிறகு கழுத்து எலும்பு. அறுபது வயதுக்கு மேல் யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியாமல் இராது. உடனே கழுத்துக்குப் பட்டை.

என் மனைவிக்கு 2018-இல் நடந்தது இதேதான். காலையில் அலாரத்தை நிறுத்த வலப்பக்கம் திரும்பினாள், கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அலறினாள். அன்றிலிருந்து 11 மாதம். கழுத்துப் பட்டை போட்டார்கள், மூளையை ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை மூன்று வேளை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது ஆறுதல்தான், ஆனால் சுற்றல் நிற்கவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்வாகவே தூங்கினாள். கோவிலில் நின்றபடியே கைகூப்புவதோடு சரி. பேத்தியின் ஆயுஷ்ஹோமத்துக்கு ரயிலில் போக மறுத்துவிட்டாள். மேல் பெர்த்துமில்லை, கீழ் பெர்த்துதான் என்று சொல்லியும் கேட்கவில்லை. குளிக்கப் போனால் கதவைத் தாழ்ப்பாள் போடாமல், வாசலில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போவாள். தன் உடம்பையே நம்ப முடியாமல் போவது என்ன என்பதை அந்த 11 மாதத்தில் பார்த்தேன்.

2019-இல் உறவில் ஒரு கல்யாணம். வந்திருந்தவர்களில் காது மூக்கு தொண்டை படிப்பு முடித்த ஒரு சின்னப் பையன் இருந்தான். "மாமி, நடக்கும்போது சுற்றுகிறதா, படுத்துப் புரளும்போதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பிறகு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில், ஜமக்காளம் விரித்த கட்டிலில் அவளை உட்கார வைத்து, தலையைத் திருப்பிப் படக்கென்று சாய்த்தான். அவள் கத்தினாள். அவன் அவள் கண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை மெல்ல மறுபக்கம் திருப்பினான், உடம்பைப் புரட்டினான், உட்கார வைத்தான். மொத்தம் ஐந்து நிமிஷம். கால் மணி பொறுத்து மறுபடி சாய்த்தான். ஒன்றுமே இல்லை. மாலை மாற்றும் நேரத்துக்கு இருவரும் கீழே வந்து உட்கார்ந்துவிட்டோம்.

இது மந்திரமா மாயமா என்று கேட்டவர்கள் உண்டு. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

காது கேட்பதற்கு மட்டும் ஏற்பட்டது அல்ல. உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. கொத்தனார் கையில் ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். அதை மூன்று திசையில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தது போல. உள்ளே திரவம். எவர்சில்வர் டபராவில் காப்பியை ஊற்றி, டபராவை மட்டும் சட்டென்று திருப்பிப் பாருங்கள். டபரா திரும்பும், மேலே மிதக்கும் நுரை நின்ற இடத்திலேயே நிற்கும். நியூட்டன் சொன்ன ஜடத்துவம். அதேபோல் தலை திரும்பும்போது குழல் திரும்புகிறது, உள்ளிருக்கும் திரவம் பின்தங்குகிறது. குழலின் ஒரு முனையில் மெல்லிய திரைச்சீலை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. பின்தங்கும் திரவம் அதைத் தள்ளுகிறது. சவ்வு வளைந்தால் மூளைக்குத் தந்தி போகிறது: தலை இந்தப் பக்கம் திரும்புகிறது என்று. மூளை உடனே கண்களை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. நாம் நடந்துகொண்டே பேப்பர் தலைப்பைப் படிக்க முடிவது இதனால்தான்.

குழல்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பை. அதற்குள் பிசின் போன்ற ஒரு படலம், அதன் மேல் ஆயிரக்கணக்கான நுண்ணிய கற்கள். ஆம், கற்கள். சுண்ணாம்புக் கல் எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட். ஒவ்வொன்றும் ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. தலை சாய்ந்தால் இவை சரியப் பார்க்கும், அதனால் சாய்வு தெரியும். ஆண்டவன் படைப்பில் இது ஒரு அருமையான தூக்குக் குண்டு.

வயதாக ஆக இந்தக் கற்களில் சில உதிர்கின்றன. தலையில் அடிபட்டாலும், நெடுநாள் படுத்த படுக்கையாக இருந்தாலும் உதிரலாம். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜாஸ்தி. உதிர்ந்தவை சும்மா கிடந்தால் பாதகமில்லை. தப்பித்து அரைவட்டக் குழலுக்குள் போய்விட்டால்தான் வம்பு. பெரும்பாலும் பின்பக்கக் குழலில்தான் விழும், ஏனென்றால் அதுதான் தாழ்வாக இருக்கிறது.

இதோ என் கையில் இருப்பது சலைன் ஏற்றும் டியூப்பில் ஒரு முழம். தண்ணீர் நிரப்பி, துளசித் தொட்டியிலிருந்து எடுத்த மணல் பருக்கை நாலைந்து போட்டு, இரு முனைகளையும் மெழுகால் அடைத்து, வளைத்துக் கட்டியிருக்கிறேன். (உரையின்போது இதைச் சபையில் காட்டினேன்.) இப்படி நிமிர்த்திப் பிடித்தால் மணல் அடியில் கிடக்கிறது. சாய்த்தால் என்ன ஆகிறது பாருங்கள். ஓரிரு விநாடி யோசித்துவிட்டு, சரசரவென்று உருள்கிறது. காதுக்குள் குழல் மிகக் குறுகல் ஆகையால், உருளும் கல் திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. சவ்வு வளைகிறது. தலை அசையாமல் இருக்கும்போதே மூளைக்குத் தவறான தந்தி. கண்கள் துள்ளுகின்றன, அறை சுற்றுகிறது. கல் அடிக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. சுற்றல் ஏன் இரண்டொரு விநாடி தாமதித்து ஆரம்பிக்கிறது, ஏன் ஒரு நிமிஷத்துக்குள் முடிகிறது என்ற இரண்டு கேள்விக்கும் இந்த டியூப்பில் பதில் இருக்கிறது.

இது ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. முதலில் வியன்னாவின் ராபர்ட் பாரனி. காதுக்குள் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யும்போது சில நோயாளிகள் தலை சுற்றுகிறது என்றார்கள். கவனித்தார். தண்ணீர் சில்லென்று இருந்தால் கண் ஒரு பக்கம் துள்ளியது, சுடச்சுட இருந்தால் எதிர்ப்பக்கம் துள்ளியது. எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ காதுகளில் தண்ணீர் பீய்ச்சியிருப்பார்கள், இவர் ஒருவர்தான் கண்ணைப் பார்த்து யோசித்தார். சூடான திரவம் மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற சாதாரண பௌதிகத்தை வைத்து விளக்கமும் சொன்னார். 1914-ஆம் வருஷத்து வைத்திய நோபல் பரிசு அவருக்குத்தான். பரிசு அறிவிப்பு வந்தபோது அவர் ரஷ்யர்களிடம் யுத்தக் கைதி. ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்டு விடுதலை வாங்கித் தந்து, 1916-இல் ஸ்டாக்ஹோம் போய்ப் பரிசை வாங்கிக்கொண்டார். பௌதிகம் படித்தவர்களுக்கு ஒரு கொசுறு: 1983-இல் விண்வெளி ஓடத்தில் இதே பரிசோதனையைச் செய்து பார்த்தார்கள். எடையற்ற நிலையில் சூடான திரவம் மேலே எழாது அல்லவா, ஆனாலும் கண் துள்ளியது. ஆக பாரனியின் விளக்கம் சரி, ஆனால் அது முழு விளக்கம் இல்லை.

நான் சொல்லும் ரகத் தலைசுற்றலையும் 1921-இல் முதலில் தெளிவாக வர்ணித்தவர் பாரனிதான். 1952-இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ் என்ற அம்மையாரும் சார்லஸ் ஹால்பைக்கும் அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையை வகுத்தார்கள். கல்யாண மண்டபத்தில் அந்தப் பையன் படக்கென்று சாய்த்துக் கண்ணைப் பார்த்தானே, அதுதான். மெஷின் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், ஒரு கட்டில் போதும்.

1969-இல் அமெரிக்காவின் ஷுக்னெக்ட், காலமான நோயாளிகளின் காதெலும்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, சவ்வின் மேல் துகள்கள் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். பாதி சரி. ஒட்டிக்கொண்டிருந்தால் தலையைச் சாய்த்து வைத்திருக்கும் வரையில் சுற்ற வேண்டுமே, ஏன் ஒரு நிமிஷத்தில் நிற்கிறது? 1979-இல் கனடாவில் மூன்று பேர் கற்கள் ஒட்டவில்லை, மிதக்கின்றன என்றார்கள். 1992-இல் அறுவை சிகிச்சையின்போது குழலைத் திறந்தபோது மிதப்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். இந்த நடுவில் நோயாளிகளின் கதி என்ன? மிகவும் அவதிப்பட்டவர்களுக்கு அந்தக் குழலுக்குப் போகும் நரம்பையே வெட்டினார்கள். 1974-லிருந்து அப்படி ஒரு அறுவை சிகிச்சை இருந்தது.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்து ஜான் எப்லி வருகிறார். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல, போர்ட்லாண்ட் நகரில் சொந்தமாகப் பிராக்டீஸ் செய்த காது டாக்டர். கற்கள் மிதப்பது உண்மையானால், தலையைத் தக்கபடி திருப்பித் திருப்பி அவற்றைக் குழலின் மறுவாய் வழியாக உருட்டி, வந்த பைக்கே அனுப்பிவிடலாமே என்று நினைத்தார். சின்ன வயதில் திருவிழாக் கடையில் வாங்குவோமே, கண்ணாடி போட்ட டப்பாவுக்குள் குண்டுகள், சாய்த்துச் சாய்த்துக் குழியில் விழச் செய்ய வேண்டும். சாக்ஷாத் அதேதான்.

1980-இல் டாக்டர்கள் மகாநாட்டில் இதைச் செய்து காட்டினார். ஏற்பார் இல்லை. தலையைத் திருப்பினால் வியாதி போகுமாம் என்று ஏளனம். கட்டுரை எழுதி அனுப்பினார், திரும்பி வந்தது. ஒரு தடவை அல்ல. கடைசியில் 1992-இல்தான் அச்சேறியது. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதாக இராது. செலவில்லாத யோசனை என்றாலே மேஜைக்கு மேஜை சந்தேகம் ஜாஸ்தி. கோடி ரூபாய் திட்டம் என்றால் மரியாதையாகப் பார்ப்பார்கள். 12 வருஷம் எத்தனை பேர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள் என்பதுதான் மனதை உறுத்துகிறது.

"ஏதோ உங்காத்து மாமிக்குச் சரியாயிற்று, எல்லோருக்கும் ஆகுமா?" நியாயமான கேள்வி. இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் ஆராய்ச்சி இருக்கிறது. 2014-இல் காக்ரேன் அமைப்பு 11 பரிசோதனைகளை, மொத்தம் 745 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தது. எப்லி முறை செய்யாதவர்களில் 21 சதவிகிதம் பேருக்குச் சுற்றல் முழுக்க நின்றது. செய்தவர்களில் 56 சதவிகிதம். ஒரே தடவையில் எல்லோருக்கும் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். பக்கவாட்டுக் குழலில் கல் இருந்தால் திருப்பும் முறையே வேறு. திரும்பவும் வருவதும் உண்டு, மூன்றில் ஒருவருக்கு மேல் வருகிறது. என் மனைவிக்கே 2022-இல் வந்தது. பழைய பயம் இல்லை. டாக்டரிடம் போனோம், திருப்பினார், வந்துவிட்டோம்.

நான் ஏன் இதைக் கூட்டத்தில் வந்து பேச வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இது வெளியே தெரியாமலே இருக்கிறது. 2000-இல் அமெரிக்காவில், வேறு ஏதேதோ உபாதைக்காக முதியோர் வைத்தியத்துக்கு வந்த 100 பேரைச் சாய்த்துப் பார்த்தார்கள். 9 பேருக்கு இந்தக் கல் இருந்தது, அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த 9 பேரிடையே சமீபத்தில் கீழே விழுந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம். நம் வயதில் விழுந்தால் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் இல்லாத குடும்பம் ஏது?

இரண்டாவது, மாத்திரை. தலைசுற்றலுக்கு என்று கொடுக்கும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மருந்துகள் வாந்தியையும் மயக்கத்தையும் ஓரிரு நாள் தணிக்கும். குழலுக்குள் கிடக்கும் கல்லை நகர்த்துமா? மணலைப் பேப்பர் வெயிட்டாக மாற்றச் சொன்னாலும் சொல்லலாம், மாத்திரையால் கல்லை நகர்த்த முடியாது. அதுவும் வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுக்கம், நடை தளர்ச்சி என்று பார்க்கின்சன் வியாதி மாதிரியே ஒன்றை இவை உண்டாக்கக் கூடும். பிறகு அதற்கு ஒரு மாத்திரை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் சங்கம் 2008-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய வழிகாட்டியில், இந்த வியாதிக்குச் சுற்றல் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்கக் கூடாது, வேறு சந்தேகம் இல்லாத பட்சத்தில் ஸ்கேனும் தேவையில்லை என்றே இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு யாரும் இன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று சங்கோசப்பட வேண்டாம். "படுத்துப் புரண்டால் சுற்றுகிறது, டிக்ஸ் ஹால்பைக் பரிசோதனை செய்து பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் டாக்டர் இருந்தால் வேறு டாக்டர் இருக்கிறார்.

வலது காதில் கல் என்றால் எப்லி முறை இப்படி நடக்கும்: கட்டிலில் உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்புவார்கள். அப்படியே மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொங்கும்படி வைப்பார்கள். சுற்றும், அடங்கும். பிறகு தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்புவார்கள். பிறகு உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்க வைப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷமாவது பொறுக்க வேண்டும், கல் உருள அவகாசம் வேண்டுமே. கடைசியில் எழுப்பி உட்கார வைப்பார்கள். என் டியூப்பை அதே வரிசையில் திருப்பிக் காட்டுகிறேன், மணல் எங்கே போய்ச் சேருகிறது பாருங்கள்.

சொற்பொழிவு முடிந்ததும் வந்த கேள்விகளையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று ஒரு மாமி கேட்டார். எந்தக் காது, எந்தக் குழல் என்று டாக்டர் பார்த்துச் சொல்லி, ஒரு தடவை செய்து காட்டிய பிறகு பலர் வீட்டில் செய்துகொள்கிறார்கள். முதல் தடவையே தானாகச் செய்வது உசிதமில்லை. கழுத்து எலும்பில் உண்மையான கோளாறு, கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு, விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டுகிறது என்றார் ஒருவர். அது காதுக் கல் இல்லை, பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது. பி.பி. மாத்திரையின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் சுற்றி, காதில் இரைச்சலும் மந்தமும் இருந்தால் அதுவும் வேறு வியாதி. சுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, முகம் கோணினாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ டியூப்பும் வேண்டாம் மணலும் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அது மூளையில் ரத்த ஓட்டக் கோளாறாக இருக்கலாம்.

திரும்ப வராமல் தடுக்க வழி உண்டா என்று செயலாளர் கேட்டார். கொரியாவில் 957 நோயாளிகளை வைத்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் ஒரு வருஷம் கொடுத்ததில், திரும்ப வருவது சுமார் கால்வாசி குறைந்தது. வெயிலில் உட்காராமல் டெலிவிஷன் முன் உட்காரும் நம்மவர்களில் பலருக்கு அந்த வைட்டமின் குறைவுதான். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிடலாம்.

காப்பி தயாராகிவிட்டதாகச் சைகை வருகிறது. டியூப்பை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். திருப்பிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பார்க்கலாம். மெழுகு மட்டும் கொஞ்சம் லூசாக இருக்கிறது, அழுத்திப் பிடிக்காதீர்கள்.